புல்வெளியிலிருந்து வேலூர் வரை
(டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு)

நம் தாமல் பக்கத்துக் கிராமங்களில், உள்ளூர் வைத்தியத்துக்குக் கட்டுப்படாத நோய் ஒன்று யாருக்காவது வந்துவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவில் ஒரே ஒரு ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். அது வேலூர். பாலுசெட்டிச் சத்திரத்திலோ தாமல் கூட்டுச் சாலையிலோ மேற்கே போகும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களில், கையில் சீட்டும் மடியில் எக்ஸ்ரே படமுமாக நிற்பவர் யாராவது ஒருவர் இருப்பார். ஓச்சேரி, காவேரிப்பாக்கம், வாலாஜா, ராணிப்பேட்டை என்று ஊர்களைக் கடந்து அந்த பஸ் போகும். நம்மில் பலருடைய பாட்டிமாரும் அம்மாமாரும் அந்த வழியாகப் போய் உயிர் பிழைத்துத் திரும்பியவர்கள்.

அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் ஒரு பெண் என்பது நமக்குத் தெரியும். அவர் பிறந்தது நம் பஸ் போகும் அதே வழியிலுள்ள ராணிப்பேட்டையில் என்பதும், வளர்ந்தது அமெரிக்காவின் நடுவிலுள்ள ஒரு புல்வெளி மாவட்டத்தில் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. முதலில் இந்த நாட்டுக்குத் திரும்பி வரவே மாட்டேன் என்று உறுதியாக இருந்தவர் அவர் என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. எனவே இவ்வாண்டு மலரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வை எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் பஞ்சமும்

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை டாக்டர் ஜான் ஸ்கடர், தாய் சோஃபியா. ஐந்து அண்ணன்தம்பிகளுக்கு நடுவில் அவர் ஒரே பெண். பாட்டனார் பெயரும் ஜான் ஸ்கடர்தான். அவர் 1819 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து மருத்துவப் பணி செய்து, 1836 இல் சென்னைக்கு வந்தவர். அந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் தொண்டு செய்தனர். எல்லோரும் சீர்திருத்த சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள்.

ஐடாவுக்கு ஆறு வயது நடக்கும்போது தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தின் கதையை நம் ஊர்களில் கொள்ளுப் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்போம். ஏரிகள் வற்றின. தானியம் தீர்ந்தது. வட ஆர்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் மக்கள் வழியோரங்களில் விழுந்து மாண்டனர். எலும்பும் தோலுமாக வந்து நின்ற பிள்ளைகளின் வாயில் சிறுமி ஐடா தன் கையால் ரொட்டித் துண்டுகளை ஊட்டினார். ஊட்டியும் பிழைக்காத குழந்தைகளையும் கண்டார். அந்தக் காட்சி பிஞ்சு மனத்தில் ஆழப் பதிந்தது. பசியும் சாவும் நிறைந்த நாடு இது என்ற அச்சமே அவருக்கு ஏற்பட்டது.

புல்வெளிச் சமவெளியில்

பஞ்சத்தில் இரவு பகலாக உழைத்த தந்தையின் உடல் நலம் கெட்டது. 1878 இல் குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பி, நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளாட் மாவட்டத்துக் கிரெஸ்டன் பகுதியில் ஒரு பண்ணையில் குடியேறியது. அந்த மாவட்டத்துக்கு நாமும் மனத்தால் ஒருமுறை போய் வருவோம்.

தாமல் ஏரிக்கரையின் மேல் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளிதானே தெரிகிறது? அங்கும் சமவெளிதான். ஆனால் நமக்கு நடுநடுவே பனைமரமும் கோபுரமும் உண்டு. அங்கு அந்நாளில் ஆற்றோரம் தவிர மரமே அரிது. எங்கும் புல். காற்றடித்தால் அந்தப் புல் முழுவதும் அலையடிக்கும். கட்டுவதற்கு மரம் கிடைக்காததால், முதலில் வந்த குடியானவர்கள் புல் வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டினர். மழை வந்தால் கூரை ஒழுகும், பாம்பும் இறங்கும். குளிர்காலத்தில் பனிப்புயல் வீசும். 1874 இல் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து பயிரையெல்லாம் தின்றுவிட்டுப் போயிருந்தது.

அந்த மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த பிளாட் ஆற்றின் கரையோரமாகத்தான் அமெரிக்காவின் பெயர்பெற்ற வண்டிப்பாதைகள் சென்றன. 1840களிலிருந்து சுமார் இருபது ஆண்டுக் காலம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் புது நிலம் தேடியும் தங்கம் தேடியும் மேற்குக் கடலோரம் நோக்கிப் பயணமானார்கள். நம் கூண்டு வண்டியைப் போலவே வெள்ளைத் துணிக் கூரை போட்ட வண்டிகள். அவற்றை இழுத்தவை பெரும்பாலும் எருதுகளே. ஒரு நாளைக்குப் பதினைந்து மைல் போனால் அதிகம். இரண்டாயிரம் மைல் போய்ச் சேர நான்கு மாதம் முதல் ஆறு மாதம் ஆகும். வண்டியில் சாமான்கள் ஏறின. மனிதர்கள் பெரும்பாலும் நடந்தார்கள். வழியில் காலரா வந்தது. வண்டியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார்கள் உண்டு. பெற முடியாமல் இறந்து பாதையோரம் புதைக்கப்பட்ட தாய்மார்களும் உண்டு. 1869 இல் கடலுக்குக் கடல் இருப்புப்பாதை முடிந்ததும் வண்டிகள் ஓய்ந்தன. ஆயினும் சில இடங்களில் சக்கரத் தடங்கள் இன்றளவும் தெரிகின்றன.

அந்த நிலம் வெறும் நிலமாகக் கிடக்கவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. பாவ்னி என்னும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு சோளம் பயிரிட்டும் காட்டெருமை வேட்டையாடியும் வாழ்ந்து வந்தனர். வண்டிகளும் இருப்புப்பாதையும் வந்தபின், 1870களில் அவர்கள் தெற்கே வேறு பிரதேசத்துக்குப் பெயர்ந்து செல்ல நேர்ந்தது. முன்னோடிகள் என்று போற்றப்படுவோரின் வரலாற்றில் இந்தப் பக்கமும் உண்டு.

இத்தகைய நாட்டில்தான் ஐடா வளர்ந்தார். பஞ்சத்தைக் கண்டு வந்த கண்ணுக்கு அந்த விளைநிலம் இனித்தது. அண்ணன்தம்பிகளோடு ஓடியாடித் துணிச்சல்காரப் பெண்ணாக வளர்ந்தார்.

திரும்ப மாட்டேன் என்ற பெண்

சில ஆண்டுகளில் தந்தை மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பின்னர் தாயும் கணவரிடம் போய்ச் சேர்ந்தார். சிகாகோ நகரில் உறவினர் வீட்டில் விடப்பட்ட ஐடா, தாயின் வெறுங் கட்டிலில் முகம் புதைத்து அழுதார் என்பர். விடுதியில் தங்கிப் படிக்கும் நம் தோழியருக்கு இந்த வேதனை புரியும். தாய் தந்தையரைத் தன்னிடமிருந்து பிரித்த இந்தியாவின் மேல் அந்தச் சிறுமிக்குக் கோபமே வந்தது. ஸ்கடர் குடும்பத்தில் பிறந்தவர் என்றால் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும் என்று பிறர் எதிர்பார்த்தது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் அவர் படித்தார். குறும்பும் கலகலப்பும் மிக்க மாணவி. படிப்பு, நல்ல இடத்தில் திருமணம், அமெரிக்காவிலேயே வசதியான வாழ்வு என்று தன் எதிர்காலத்தைத் தீட்டி வைத்திருந்தார். 1890 இல் தாய் நோயுற்ற செய்தி வந்தது. தாயைக் கவனித்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அவர் திண்டிவனம் வந்து சேர்ந்தார். நம் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் வரும் அதே திண்டிவனம்தான்.

கதவைத் தட்டிய மூவர்

ஓர் இரவு ஐடா தம் அறையில் விளக்கொளியில் அமர்ந்திருந்தார். வாசலில் காலடி ஓசை கேட்டது. ஒரு பிராமண இளைஞர் நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியால் முடிந்தது அவ்வளவுதான். ஐடா வந்து உதவ வேண்டும் என்று கேட்டார். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையை அழைத்து வருவதாக ஐடா கூறினார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்க்க வழக்கம் இடங்கொடாது என்று சொல்லி அவர் தலை கவிழ்ந்து சென்றார்.

சிறிது நேரத்தில் மீண்டும் காலடி ஓசை. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அதே துன்பம், அதே வேண்டுகோள், தந்தையை அழைக்கலாம் என்றதற்கு அதே மறுமொழி. மூன்றாவதாக ஒரு முதலியார் குடும்பத்தவர் வந்தார். அவரும் வந்தவாறே திரும்பினார்.

அவ்விரவு ஐடா உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் சாப்பறை ஒலித்தது. ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

ஒரே ஊர், ஒரே இரவு, மூன்று தாய்மார். மூவரும் வெவ்வேறு சமூகம். ஆனால் மூன்று வீட்டிலும் இருந்த குறை ஒன்றே: பெண் மருத்துவர் இல்லை. மருத்துவரோ கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார், இருந்தும் பயனில்லை. அறையைச் சாத்திக்கொண்டு ஐடா நெடுநேரம் செபித்தார், அழுதார். பிறகு பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வரப் போவதாகத் தெரிவித்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியபோதெல்லாம் மறுத்தவர் அவர். தாம் அறியாத மூன்று பெண்களின் சாவே அவரைத் திருப்பியது.

படிப்பும் பத்தாயிரம் டாலரும்

1895 இல் ஃபிலடெல்ஃபியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நம் நாட்டு ஆனந்திபாய் ஜோஷி 1886 இல் பட்டம் பெற்ற கல்லூரி அதுவே. பட்டம் பெற்றுத் திரும்பிய ஆனந்திபாய் அடுத்த ஆண்டே காசநோயால் மறைந்தது நமக்குப் பேரிழப்பு. நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 1898 இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது ஐடா அங்கு மாறி, 1899 இல் பட்டம் பெற்றார்.

வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டும் பொறுப்பும் அவருக்குத் தரப்பட்டது. புறப்படும் நாள் நெருங்கியும் பணம் சேரவில்லை. அவ்வேளையில் நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். அந்தத் தொகையோடும் தோழி ஆனி ஹான்காக்கோடும் டாக்டர் ஐடா 1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார்.

ஒரே கட்டில்

தந்தையிடம் தொழில் பழகலாம் என்று எண்ணி வந்தவருக்குப் பேரிடி காத்திருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் தந்தை புற்றுநோயால் காலமானார். வழிகாட்ட மூத்த மருத்துவர் இல்லை. கட்டடம் இன்னும் எழவில்லை. நோயாளிகளும் எளிதில் வரவில்லை. தாம் வாழ்ந்த பங்களாவின் ஓர் அறையில் ஒரே ஒரு கட்டிலைப் போட்டு அவர் பணி தொடங்கினார். இன்று நாம் காணும் அத்தனை கட்டடங்களுக்கும் தொடக்கம் அந்த ஒற்றைக் கட்டில்தான். இரண்டு ஆண்டுகளில் அவரிடம் வந்தோர் தொகை 5,000 ஆயிற்று. 1902 இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வேலூருக்கு வர இயலாத ஏழைகளைத் தேடி அவரே சாலையில் இறங்கினார். முதலில் மாட்டு வண்டி. 1909 வாக்கில் ஒரு சிறு பெஜோ மோட்டார் கார். அந்த வாகனத்தை முதன்முதல் கண்ட கிராமத்தார் பேய் வருகிறதென்று ஓடினார்கள் என்பர். போகப் போக, அது வரும் நாளைக் கணக்கு வைத்துக் காத்திருக்கத் தொடங்கினர். வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் குறித்த மரத்தடிகளில் கார் நிற்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, காய்ச்சலுக்குக் கலவை என்று வரிசை நகரும். சாதி பேதமின்றி எல்லோரும் ஒரே மரநிழலில் உட்கார்ந்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே மருத்துவம் செய்வது இன்று சாதாரணம். அந்நாளில் அது புதுமை.

தனி மரம் தோப்பாகாது

எத்தனை மணி நேரம் உழைத்தாலும் தாம் ஒருவர் என்பதை டாக்டர் ஐடா விரைவில் உணர்ந்தார். திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று கதவுகள். அப்படியானால் மாகாணம் முழுவதும் எத்தனை கதவுகள்? அயல்நாட்டிலிருந்து வரும் ஒரு சிலரால் அது ஆகக்கூடியதன்று. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875 முதலே பெண்கள் படித்தனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912 இல் அங்கு பட்டம் பெற்றார். ஆயினும் தேவையோ கடல் போன்றது.

1909 இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். பின் பெண்களுக்கான மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கேட்டார். ஆறு பெண்கள் மனுப் போட்டாலே அதிசயம் என்று அதிகாரிகள் நினைத்தனர். வந்த மனுக்கள் 151. 1918 ஆகஸ்டு 12 ஆம் நாள் 17 மாணவிகளோடு பள்ளி தொடங்கியது. எலும்புக்கூடும் நுண்ணோக்கியும் சில புத்தகங்களுமே மூலதனம் எனலாம். 1922 இல் இறுதித் தேர்வு எழுதிய 14 பேரும் தேறினார்கள். ஆண்கள் பலர் தவறிய தேர்வு அது. அந்தப் பதினான்கு பெண்களின் வீடுகளில் எத்தனை எதிர்ப்பு இருந்திருக்கும், எத்தனை அப்பாமார் ஊர்ப் பேச்சைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

அக்காலத்தில் நம் கத்தோலிக்கக் கன்னியர் நிலையையும் இங்கு குறிப்பிட வேண்டும். மகப்பேறு மருத்துவம் செய்யத் துறவறச் சகோதரிகளுக்கு அன்று திருச்சபைச் சட்டம் இடந்தரவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி 1920 இல் குண்டூர் வந்து துறவு பூண்டு, தனி அனுமதி பெற்றே மருத்துவப் பணி புரிந்தார். 1936 இல்தான் உரோமை அந்தத் தடையை நீக்கியது. 1943 இல் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கம் உருவாக அச்சகோதரியே காரணமாயிருந்தார். இன்று நம் பகுதிகளில் சகோதரிகள் நடத்தும் சிறு மருந்தகங்களிலும் பிரசவ விடுதிகளிலும் பிறந்த பிள்ளைகள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள்.

எழுபது வயதில் மீண்டும் பயணம்

1928 இல் 200 ஏக்கர் நிலத்தில் கல்லூரிக்குப் புது வளாகப் பணி தொடங்கியது. அதே ஆண்டில் காந்தியடிகள் வந்து பார்வையிட்டார். ஆனால் 1930களின் இறுதியில் பெருஞ்சோதனை வந்தது. பழைய மருத்துவச் சான்றிதழ் படிப்பு இனிப் போதாது, பல்கலைக்கழகப் பட்டப் படிப்பே வேண்டும் என்று அரசு விதித்தது. அதற்கேற்ப ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் படுக்கைகளும் இல்லாவிடில் பள்ளியை மூட வேண்டியதுதான். உலகப் போர் நடந்த காலம். எழுபது வயதைத் தாண்டிய அம்மையார் 1941 இல் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பேசிப் பொருள் திரட்டினார். 1942 இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் இணைப்புத் தந்தது.

அத்தோடு வேறொரு கேள்வியும் எழுந்தது. கல்லூரி நிலைக்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்றனர் சிலர். பெண்களுக்கென்றே பணம் தந்த பழைய நண்பர்கள் சிலர் மனம் கசந்தனர். அம்மையாருக்கும் அது எளிதான முடிவன்று. தாம் தொடங்கியதைத் தம்முடையதாகவே பிடித்துக்கொள்ளாமல் அவர் வழிவிட்டார். 1940களில் ஆண்களும் சேர்ந்தனர். விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1946 இல் ஓய்வு பெற்ற அம்மையார் கொடைக்கானலில் தங்கி, 1960 மே 24 ஆம் நாள் தமது 89 ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வேலூரில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊர்ப் பெண்கள் அவரை ஐடா அத்தை என்றே அழைத்தனர்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1961 இல், நாட்டின் முதல் திறந்த இருதய அறுவை சிகிச்சை வேலூரில் நடந்தது. 2022 இல் அந்த மருத்துவமனையின் புதிய வளாகம் ராணிப்பேட்டை மாவட்டத்தில் நம் நெடுஞ்சாலை ஓரத்திலேயே திறக்கப்பட்டது. பஞ்சத்தில் ஒரு சிறுமி ரொட்டி ஊட்டி நின்ற அதே மண் அது.

நமக்கு

அன்புத் தோழியரே, நெப்ராஸ்காப் புல்வெளியில் வண்டிகள் போன தடங்களைக் காக்கிறார்கள். நினைவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். நல்லது. நம் பக்கத்துப் பாதைக்கு அப்படிக் கல் எதுவும் நடவில்லை. ஆனால் அதில் இன்றும் மக்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். தாமலில் ஒரு தாய்க்கு நடு இரவில் வலி கண்டால் இன்று 108 வண்டி வருகிறது; ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் ஒரு பெண் மருத்துவரோ நர்ஸம்மாவோ காத்திருக்கிறார்கள். ஆடவர் தொடலாமா என்ற கேள்வியால் யாரும் கதவிலிருந்து திரும்பிப் போவதில்லை. இது தானாக வந்ததன்று.

ஐடா அம்மையார் பிறவியிலேயே புனிதை போல் இருந்தார் என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். கோபித்தார், மறுத்தார், வசதியை விரும்பினார். நம்மைப் போன்ற பெண்தான். ஆனால் கதவு தட்டப்பட்டபோது, தமக்குத் தெரியாது என்று சொன்னதோடு நிற்காமல், தெரிந்துகொள்ளப் புறப்பட்டார். நமக்குத் தெரியாத பாடங்களும் நம்மால் இன்னும் இயலாத பணிகளும் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. திண்டிவனத்தில் அந்த இரவில் இறந்த மூன்று பெண்களுக்கு அது இருக்கவில்லை. அவர்கள் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அடுத்த முறை வேலூர் பஸ்ஸில் ஏறும்போது அவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்வோம்.